காலி ஆணி இல்லாத பலகை

கடலோரப் பூங்காவிலிருந்து மணலுக்கு இறங்கும் படிக்கட்டின் கதவைச் சாத்துவதற்கு முன், காவல்காரி ஆணிப் பலகையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எல்லா ஆணிகளிலும் ஆரஞ்சு நிறச் சட்டைகள் தொங்கின. நீர் வற்றும் வேளையில் மணல் திட்டுவரை நடந்து போய்வருவதற்கென்றே மக்கள் அப்பூங்காவுக்கு வருவார்கள். போகிறவர் ஒவ்வொருவரும் பலகையிலிருந்து கையில்லாச் சட்டை ஒன்றை எடுத்து அணிந்துகொள்ள வேண்டும். திரும்பியதும் நீரில் அலசி மாட்டிவிட வேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் திட்டில் ஆள் இருக்கிறார் என்று பொருள். அது நிரம்பும்வரை கரையில் மணி ஒலிக்கும். அங்கே எவரும் தலைகளை எண்ணுவதில்லை; ஆணிகளைப் பார்ப்பார்கள்.

ஆகவே அவள் மணியை நிறுத்தினாள். மாலை வெளிச்சம் முழுவதையும் மூடுபனி விழுங்கியிருந்தது. நீர் ஏறத் தொடங்கியிருந்தது.

"உங்க தம்பி எங்க?" என்று கேட்டார் சீட்டுக் கொடுப்பவர்.

"கடைசி ஆளுங்களை அனுப்பிட்டு வரேன்னு திட்டுக்குப் போனான். பலகை நிறைஞ்சிருக்கே, வந்திருப்பான்."

"வந்து சொல்லாம கொள்ளாம ஓடியிருப்பான். கல்யாணம் நிச்சயமானதுலேருந்து அவன் காலு தரையிலயா இருக்கு?"

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் கண்ணில் பட்டது, மரத்தடியில் நின்ற தம்பியின் சைக்கிள். அதன் அருகே, ஒன்றன்மேல் ஒன்றாக, அவனுடைய செருப்புகள்.

பலகைக்கு ஓடிச் சட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். கடைசி ஆணியில் தொங்கியது அவர்களுடைய சட்டையே அன்று. பூங்காவின் சட்டைகளுக்கு ஜிப் உண்டு, இதற்குப் பித்தான்கள். நிறம் வெளுத்து, தோள்பட்டையில் சிறு சிப்பிகள் ஒட்டி வளர்ந்திருந்தன. நீர் சொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கையை விட்டுப் பார்த்தாள், இப்போதுதான் யாரோ கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"அண்ணே, மீட்புப் படகுக்குப் போன் போடுங்க! தம்பி உள்ளதான் இருக்கான்!"

சட்டையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு மணிக்கயிற்றைப் பற்றினாள். இழுக்க இழுக்கக் கயிறு உள்ளங்கையை அறுத்தது. அந்த ஓசை பனிக்குள் போய்த் திரும்பி வராமலே இருந்தது. தன் கையாலேயே நிறுத்திய மணி என்ற நினைவு, ஒவ்வோர் அடிக்கும் அவள் நெஞ்சில் விழுந்தது.

வெகுநேரம் கழித்து, படகு வந்து சேரும் முன்பே, மார்பளவு நீரைக் கிழித்துக்கொண்டு ஓர் ஆரஞ்சு நிறம் தெரிந்தது. அவன் படியேறியதும் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டாள்.

"பாவி, உயிரே போச்சுடா!"

"நீ ஏன்க்கா மணிய நிறுத்துன? கரை எந்தப் பக்கம்னே தெரியல. நல்லவேளை, ஆள அனுப்புன."

"நான் யாரையும் அனுப்பலடா."

"விளையாடாத. புது ஆளு போல. ஒரு வார்த்தை பேசல, புடிச்ச கையையும் விடல. ஊருக்கெல்லாம் சட்டம் பேசுற, அவருக்கு ஒரு சட்டை குடுத்து அனுப்ப மாட்டியா?" அவன் நடுங்கியபடியே தன் சட்டையைக் கழற்றி அலசி, கடைசி ஆணியில் மாட்டினான். "என்னைப் படியேத்திவிட்டு எனக்குப் பின்னாலதான் வந்தாரு."

பலகை நிறைந்துவிட்டது. வழக்கப்படி மணி நிற்க வேண்டும். சீட்டுக் கொடுப்பவர் கதவில் கைவைத்து அவள் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அவள் மறுபடியும் கயிற்றைப் பற்றி இழுத்தாள்; பின்னால் வந்தவர் இன்னும் கரையேறவில்லை. தோளில் கிடந்த பழைய சட்டையின் வெதுவெதுப்பு இன்னும் ஆறவில்லை. திறந்த கதவுக்கு அப்பால், கடைசிப் படியின் ஓரத்தில் மட்டும், யாரோ நின்று மூச்சு வாங்குவதுபோல நீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.