இரண்டு விசில்

இப்போதெல்லாம் யாரும் வாயைத் திறந்து பதில் சொல்வதில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிற ஒரு படம் போனில் இருக்கிறது, அதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பிள்ளை பிறந்திருக்கிறது என்றாலும் கட்டைவிரல். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றாலும் கட்டைவிரல். கேட்டது புரிந்ததா, சம்மதமா, சும்மா கிட என்கிறானா, ஒரு மண்ணும் தெரியாது. இதைச் சொன்னால் என் மருமகள் சிரிக்கிறாள். உங்களுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் மாமா என்கிறாள். சந்தேகம்தான். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டியவன் நான். எதிரே வருகிறவன் கை காட்டுகிற பக்கம்தான் திரும்புவான் என்று நம்பியிருந்தால், இதை எழுத இன்றைக்கு ஆள் இருந்திருக்காது.

ஒருவனை மட்டும் நம்பினேன். என் கண்டக்டரை.

இருபத்திரண்டு வருஷம் ஒரே வண்டி. பின்னால் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள், படியில் எவன் தொங்குகிறான் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவன் ஒரு விசில் கொடுத்தால் நிறுத்துவேன். இரண்டு கொடுத்தால் எடுப்பேன். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு பேருக்குமே போனில் பேசுவது பிடிக்காது. சாயங்காலம் டீக்கடைக்குக் கிளம்பும் நேரம் அவன் ஒரு தடவை மணியடித்து வைத்துவிட்டால், இரு, எனக்கு நேரமாகும் என்று அர்த்தம். இரண்டு தடவை என்றால், கிளம்பிவிட்டேன், நீயும் எடு. நான் போனை எடுத்துக் காதில் வைக்க மாட்டேன். விசிலுக்கு எந்த டிரைவராவது பதில் சொல்வானா?

டீக்கடையில் நாங்கள் நாலு பேர். நான், கண்டக்டர், டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவன், அங்கேயே ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்தவன். எல்லோருக்கும் அறுபத்தைந்துக்கு மேல். ஒருநாள் கண்டக்டர் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சனி ஞாயிறு இரண்டு நாள் நகரத்துக்குப் போய் ஜாலியாக இருந்துவிட்டு வரலாமா என்று கேட்டான். மெக்கானிக்குக்குப் புரையேறிவிட்டது. யார்கிட்ட வாங்கித் தின்ன, எந்த மருந்து இப்படி வேலை செய்யுது என்று கேட்டான். ஆனால் இரண்டாவது டீ வருவதற்குள் அவன்தான் முதல் ஆளாகச் சரி என்றான்.

எனக்கு அப்போதே இடித்தது. இவன் ஜாலி கீலி என்று பேசுகிற ஆள் கிடையாது. வீட்டுக்குத் திரும்பும்போது பிடித்துக் கேட்டேன். அப்போதுதான் சொன்னான். மகளைப் பார்க்கப் போக வேண்டும்.

மகள் அவனோடு பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. காரணம் எனக்கும் தெரியும், ஏனென்றால் அந்த வண்டியை ஓட்டியவன் நான். வழியில் ஒரு பஸ் நிலையத்தில் பஸ் நேரம் குறிக்கிற கிளார்க் ஜன்னல் வழியாக அவன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். வண்டி நிறைய ஜனம். இவன் படித்தான், மடித்துப் பையில் போட்டான், இரண்டு விசில் கொடுத்தான். நான் எடுத்தேன். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் சீட்டை என்னிடம் நீட்டினான். பெண்டாட்டி ஆஸ்பத்திரியில், உடனே வரவும் என்று எழுதியிருந்தது. அங்கிருந்து நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மகள் அவனைப் பார்த்து, உங்க வண்டி போய்ச் சேர்ந்துடுச்சா என்று மட்டும் கேட்டாள். அதோடு சரி. நகரத்தில் வேலை தேடிக்கொண்டு போனவள் திரும்பவில்லை, வீட்டில் அவன் தனி ஆளானான்.

ஏன்டா என்னிடம் சொல்லவில்லை என்று அன்றைக்கே கேட்டேன். சொன்னால் நீ வண்டியைத் திருப்பிவிடுவாய், அறுபது பேர் நடுரோட்டில் நிற்பார்கள் என்றான். அந்த மாதிரி மடையன்.

"தனியாப் போய்ப் பார்த்துட்டு வர வேண்டியதுதானே? எதுக்கு நாங்க?" என்றேன்.

"கதவச் சாத்திட்டாள்னா?" என்றான். "தெரியாத ஊர்ல, அந்தத் தெருவுல நின்னுக்கிட்டு நான் எங்கய்யா போவேன்? நீங்க மூணு பேர் இருந்தா, சரி வாங்கடா ராட்டினம் ஏறலாம்னு போயிடுவேன். மேல போனா காத்து அடிக்கும். கண்ணுல தண்ணி வந்தாலும் எவனும் கேக்க மாட்டான்."

"நானா இருந்தா சாத்துவேன்." எனக்கு மறைத்துப் பேச வராது.

"தெரியும். அதுக்குத்தான் ராட்டினம்."

மற்ற இருவரிடம் சொல்ல வேண்டாம் என்றான். நான் சொல்லவில்லை.

பிறகு இரண்டு வாரம் திட்டம் போட்டோம். ஸ்டோர்க்காரன் போனில் ஒரு குழு ஆரம்பித்து நாலு பேரையும் உள்ளே இழுத்துப் போட்டான். கட்டைவிரல் வியாதி எனக்கு அறிமுகமானது அங்கேதான். ஓர் அறையின் படத்தை அனுப்பினான். வெள்ளைக் கட்டில், அதன்மேல் பூவால் இருதயம் செய்து வைத்திருந்தார்கள். நாலு கிழவனுக்கு இருதயம் எதுக்கு, டாக்டர்கிட்டக் காட்டவா என்று மெக்கானிக் கேட்டான். நேரில் பார்க்காத அறைக்கு நான் வர மாட்டேன் என்றேன். ஸ்டோர்க்காரன் தன் தம்பி மகனை நேரில் அனுப்பி, கட்டிலில் உட்காரவைத்து, படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒத்துக்கொண்டேன். அடுத்து யார் குறட்டை விடுவது என்ற தகராறு. மெக்கானிக்கின் குறட்டை டீசல் எஞ்சின் மாதிரி, கியர் மாறுவதுகூடக் கேட்கும். அவனை ஓரக் கட்டிலில் போடுவதென்று முடிவானது. அவனுக்கு வேண்டியது ராட்டினம் ஒன்றுதான். ஏறிச் சுற்ற அல்ல, அவ்வளவு பெரிய சக்கரத்துக்கு என்ன பேரிங் போட்டிருக்கிறான் என்று பார்க்க.

கண்டக்டர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வந்தான். பழைய டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் போட்டிருந்தான். சனி காலை 6.30 புறப்பாடு, 10.40 சேருமிடம், 11.15 அறை, 1.00 ராட்டினம். அதற்குக் கீழே, 4.00 சொந்த வேலை. அதென்ன சொந்த வேலை என்று ஸ்டோர்க்காரன் நோண்டினான். இவனுக்கு அங்க ஒரு வீடு இருக்கு போல என்று மெக்கானிக் கண்ணடித்தான். கண்டக்டரும் சிரித்தான். ஆளுக்கு ஒரு தாள் கொடுத்தான். என் தாளில் மட்டும் மகளின் விலாசம் பின்பக்கம் இருந்தது. நான் மறந்துட்டா நீ கூட்டிட்டுப் போ என்றான். மறக்கிற ஆளா அவன்?

அந்தச் சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் பஸ் நிலையத்தில் ஏறிக்கொள்வது, அவன் வீட்டுக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறுவது என்று பேச்சு. ஆறு இருபதுக்கு என் சட்டைப் பையில் போன் அடித்தது. நாலைந்து மணி அடித்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அடித்தது. இந்தத் தடவை நிற்கவே இல்லை, அடித்துக்கொண்டே இருந்தது. எப்போதும் ஒரு மணியில் வைத்துவிடுகிறவன். சட்டைப் பையில் கையைக் கூட விடவில்லை நான். மகளை நினைத்துக் கை உதறுகிறது போலிருக்கிறது, நிறுத்தத் தெரியாமல் முழிக்கிறான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். இரண்டு அடித்தாகிவிட்டது. ஏறுங்கடா, அவன் கிளம்பிட்டான் என்றேன்.

அவனுடைய நிறுத்தத்தில் அவன் இல்லை.

பஸ் நின்றது, இரண்டு பேர் ஏறினார்கள். மெக்கானிக் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்தான். போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. இறங்கிப் பார்த்துட்டு அடுத்த வண்டியில போலாம் என்று எழுந்தான். அவன் கையைப் பிடித்து உட்காரவைத்தேன்.

"ரெண்டு அடிச்சிருக்கான்யா. நம்மளப் போகச் சொல்றான். அவனுக்கு வர மனசில்ல."

"ஏன் மனசில்ல? ரெண்டு வாரமா அவன்தானே குதிச்சான்?"

காரணம் எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். மகள் கதவைச் சாத்துவாள் என்ற பயம். பயந்து வீட்டில் உட்கார்ந்துகொண்டான், வெட்கத்தில் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். இதை அவர்களிடம் சொல்ல முடியாது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. வண்டி கிளம்பியது. பழக்கம், நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நகரத்தில் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அறையில் மெத்தை நன்றாக இருந்தது. ராட்டினத்தில் மெக்கானிக் பேரிங்கைப் பற்றிக் கேட்டுக் கேட்டு, இயக்குகிற பையன் இவனைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்துக் கூடுதலாக இரண்டு சுற்று விட்டான். ஸ்டோர்க்காரன் உச்சியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெண்டாட்டி பெயரைச் சொன்னான். விழுந்து விழுந்து சிரித்தோம். நாலு பேர் உட்காரும் பெட்டி அது. காலியாக இருந்த இடத்தில் நான் என் பையை வைத்திருந்தேன்.

மூன்றரைக்கு, ஒரு ஆளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். உன் அப்பன் இவ்வளவுதான், கடைசி நிமிஷத்தில் கால் நடுங்கிவிட்டது, நீயாவது ஒரு வார்த்தை பேசு என்று அவளிடம் சொல்லிவிட வேண்டும். அவன் செய்யாததை நான் செய்வேன். அவ்வளவு திமிர்.

மூன்றாவது மாடி. கதவு திறந்தே இருந்தது. உள்ளே சின்ன அறை. சுவரோரம் நாலு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தாள். ஒன்று போல் ஒன்று இல்லை, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியது என்று பார்த்தாலே தெரிந்தது. மேஜைமேல் நாலு கப் கவிழ்த்து வைத்திருந்தது. காலடி கேட்டு ஓடி வந்தவள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"பெரியப்பா. அப்பா எங்க? மாடி ஏற முடியலையா?"

நாங்கள் வருவது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா போன் செய்தார், ஒரு மணி நேரம் பேசினோம் என்றாள். ஒரு மணி நேரம், போனில், அவன்.

"உங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு. உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டுமாம். உன் பெரியப்பன் நீ கதவச் சாத்துவேன்னு பந்தயமே கட்டுவான், அவன் மூஞ்சியப் பார்க்கணும்னு சிரிச்சாரு." பேசிக்கொண்டே படிக்கட்டைப் பார்த்தாள். "இன்னிக்குக் காலைல ஆறு மணிக்குக்கூடக் கூப்பிட்டாரே. நீலச் சட்டை போடவா, வெள்ளை போடவான்னு கேட்டாரு."

வர மனசில்லாதவன் சட்டை கேட்க மாட்டான்.

"ஊர்ல அப்பாவோட பக்கத்து வீட்டுக்குப் போன் போடும்மா," என்றேன். "கதவ உடைக்கச் சொல்லு."

கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவில் கிடந்தானாம். நீலச் சட்டை. ஒரு கைதான் நுழைத்திருந்தான். இன்னொரு கையில் போன்.

எல்லாம் முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. குழுவில் ஸ்டோர்க்காரன் கண்டக்டரின் படத்தைப் போட்டான். அவனும் மெக்கானிக்கும் கை கூப்புகிற படத்தைத் தட்டினார்கள். நான் எதையும் தட்டவில்லை. மெக்கானிக் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்ததைப் பற்றி அவன் ஒருமுறை திட்டியிருந்தால் பரவாயில்லை. டீக்கடையில் எனக்கும் சேர்த்து அவனே சொல்கிறான், சர்க்கரை குறைவாக என்று மறக்காமல் சொல்கிறான். அதுதான் தாங்க முடியவில்லை.

நேற்று சாயங்காலம் மகள் அவன் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். அலமாரியை இறக்கக் கூப்பிட்டாள், போனேன். வேலை முடிந்ததும் வாசலில் என்னை நிறுத்தினாள். எத்தனை நாள் மனதில் வைத்திருந்தாளோ, நிதானமாகச் சொன்னாள். டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாளாம். பெரிய அடைப்பு, மிஞ்சினால் பத்து நிமிஷம் உயிர் இருந்திருக்கும், யார் போயிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றாராம்.

"நீங்க போனை எடுத்திருந்தாலும் இதேதான் பெரியப்பா. மனசுல போட்டுக்காதீங்க. நான் பதினோரு வருஷம் அப்படிப் போட்டுக்கிட்டு என்னத்தக் கண்டேன்?"

நல்ல பெண். என்னைச் சமாதானப்படுத்த வேண்டிய தலையெழுத்து அவளுக்கு.

பஸ் நிலைய வாசலில் அன்று மூன்று வாடகைக் கார் நின்றன. எனக்குத் தெரியும், பார்த்தேன். சனிக்கிழமை காலை ஆறு இருபதுக்கு அந்த ரோட்டில் ஒரு ஈ காக்கை இருக்காது. சிக்னல் இரண்டும் மஞ்சளில் மின்னிக்கொண்டிருக்கும். பள்ளிக்கூடத்து வளைவில் மட்டும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

"ஆறு நிமிஷம்," என்றேன்.

"என்ன பெரியப்பா?"

"பஸ் நிலையத்துல இருந்து இந்த வாசலுக்கு. ஆஸ்பத்திரி இங்கருந்து மூணு. ஒன்பது ஆச்சு."

"டாக்டரே சொல்லிட்டாரு."

"டாக்டர் இந்த ரோட்டுல வண்டி ஓட்டியிருக்காரா?"

நான் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை, அவள் அங்கேயேதான் நின்றிருக்க வேண்டும். தெருமுனை வரைக்கும் நடந்தேன். ஒன்பது நிமிஷம்தான், எப்படிக் கூட்டினாலும்.