ஒரு நொடிச் சத்தம்

மீராசா பாய் வாளியைச் சாய்க்கச் சாய்க்க, கட்டடத்தின் பின்புறக் குழாயடியில் குந்தியிருந்த சேதுமாதவன் தலையில் தண்ணீரை வாங்கிக்கொண்டான். சுடுகாட்டு மணல் காதோரத்திலிருந்து கழுத்துக்கு இறங்கியது. மொட்டைமாடித் தொட்டியில் பகலெல்லாம் காய்ந்த தண்ணீர். குளிக்கிற மாதிரியே இல்லை, வெயிலையே மொண்டு ஊற்றுகிற மாதிரி இருந்தது.

"போதும் பாய்."

"இன்னொரு வாளி ஊத்திக்கங்க சார். தலை முழுகாம வீட்டுக்குள்ள போவக் கூடாதுன்னு உங்க ஆளுங்கதான சொன்னாங்க."

மீராசா கீழக்கரைக்காரர். பர் துபாயில் அந்தக் கட்டடத்தில் எதிர் ஃபிளாட்டில் மனைவி ரஹீமாவோடு இருந்தார். மீனா பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். விடியற்காலையில் சேதுமாதவனின் மனைவி பத்மா இறந்துபோன செய்தி வந்ததிலிருந்து கடையைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும், பிறகு ஊருக்கு வெளியே மணல்வெளியில் இருந்த சுடுகாட்டுக்கும் தன் பிக்கப்பிலேயே சேதுமாதவனைக் கொண்டுபோய்க் கொண்டுவந்தார்.

"புள்ளைட்ட யாரு சொல்றது?" என்றார், வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு.

"நான்தான்."

"ரஹீமாவ வேணா..."

"இல்ல பாய். நான்தான் சொல்லணும்."

எட்டு வயது மகள் நீலாவிடம், அம்மா வியாழக்கிழமை வந்துவிடுவாள் என்று சொல்லி வைத்திருந்ததும் அவன்தான். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் பத்மாவின் இதய வால்வைக் கெடுத்திருந்தது. செவ்வாய் மாலை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டுக்குள் குழந்தைகளை விடுவதில்லை. இன்று வியாழன்.

நேற்று மாலை, டியூட்டிக்குப் போகிற வழியில் அவன் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுபோனான். ஸ்பூனை வாயருகே கொண்டுபோனபோது பத்மாவின் தலை மார்பில் கவிழ்ந்தது. நேற்று முழுக்கவே அவளுக்குத் தலை நிற்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கவிழும், நிமிரும், மறுபடி கவிழும். "தூங்கறியா? எனக்கு நேரமாச்சு பத்மா" என்றான். "இருங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து வாயைத் திறந்தாள். டெலிவிஷன் ஸ்டேஷனில் வெட்ட வேண்டிய ஒரு ரீல் அவனுக்காகக் காத்திருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் ஊட்டி முடித்தான்.

ஈர வேட்டி படிகளில் சொட்டச் சொட்ட மாடி ஏறினான்.

கோடம்பாக்கத்தில் ஓர் எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்தவன், இங்கே டெலிவிஷன் ஸ்டேஷனில் ஃபிலிம் வெட்டுகிறான். அமெரிக்காவிலிருந்து அரைமணி நேரக் குடும்பக் கதைகள் டப்பா டப்பாவாக வந்து இறங்கும். சர்ச், சிலுவை, மது பாட்டில், சாப்பாட்டுக்கு முன்னால் சொல்லும் ஜெபம், இவற்றையெல்லாம் எடுத்துவிட்டு ஒட்ட வேண்டும். வெட்டிய துண்டை எறியவும் கூடாது. ஒளிபரப்பு முடிந்ததும் பழையபடி சேர்த்து அடுத்த ஊர் ஸ்டேஷனுக்கு விமானத்தில் அனுப்ப வேண்டும். அதனால் அவன் அறைச் சுவரில் ஆணிக்கு ஆணி ஜெபங்கள் தொங்கும்.

"சர்ச்ச எடுத்துட்டேன், ஜெபத்த எடுத்துட்டேன்" என்று பத்மாவிடம் ஒருமுறை சொன்னான். "ஆனா பாரு, பையன் பொய் சொல்றான், மாட்டிக்கறான், அப்பன்கிட்ட வந்து ஒத்துக்கறான், அப்பன் கட்டில் ஓரத்துல உக்காந்து மன்னிக்கறான். வாராவாரம் இதேதான். சர்ச்சுல சொல்றததான சொல்றான்? இத வெட்டினா டைட்டில்தான் மிஞ்சும்."

"அப்ப நீங்க வெட்டி வேலதான் பாக்கறீங்கன்னு சொல்லுங்க" என்றாள் பத்மா.

ஜெபத்தை எடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. ஃபிலிமில் படமும் அதன் சத்தமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதில்லை. மெஷினில் படம் தெரிகிற ஜன்னல் ஓரிடம், சத்தத்தைப் படிக்கிற விளக்கு இன்னோர் இடம். அந்தத் தூரத்துக்குச் சரியாகச் சத்தத்தை ஏறக்குறைய ஒரு நொடி முன்னால் பதித்திருப்பார்கள். எனவே ஜெபம் சொல்லும் படத்தை முழுசாக வெட்டினாலும், அதன் முதல் வார்த்தை அதற்கு முந்தைய படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு தங்கிவிடும். அப்படியே ஓடவிட்டால், உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நீட்டுகிற அம்மாவின் வாயிலிருந்து 'பரலோகத்திலிருக்கிற பிதாவே' என்று அப்பாவின் குரல் வரும். அந்த ஒரு நொடிச் சத்தத்தின் மேல் சேதுமாதவன், துடைத்தால் போகிற கறுப்பு மையைத் தடவிவிடுவான். பிறகு திரையில் எல்லாரும் தலை குனிவார்கள், படம் ஒரு குதி குதிக்கும், எல்லாரும் நிமிர்ந்து சிரித்துக் கிண்ணத்தை நீட்டுவார்கள். உதடு அசையும், சத்தம் இருக்காது. ஒரு நொடி கழித்துத்தான் பேச்சு கேட்கும்.

இதைப் பார்த்துப் பார்த்து நீலா ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். பகலில் சண்டை போட்டவர்கள் சாப்பாட்டுக்கு முன்னால் தலையைக் குனிந்து, மனசுக்குள் ஒருத்தருக்கொருத்தர் ஸாரி சொல்லிக்கொள்கிறார்கள். அதனால்தான் நிமிர்ந்ததும் சிரிக்கிறார்கள். "நம்ம வீட்லயும் பண்ணணும்" என்றாள். முதலில் சேதுமாதவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்த இடத்தில் சொல்லப்படும் ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்கு மனப்பாடம். சாப்பாட்டுக்கு நன்றி சொல்கிறார்கள், அவ்வளவுதான். சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தான். ஆனால் ஒரு நாள், பேசாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பத்மா, சாதத்தின் முன்னால் தலையைக் குனிந்து நிமிர்ந்து, "மோர் ஊத்தவா?" என்றாள். அதன்பிறகு அவன் சொல்லவில்லை.

கதவு திறந்தே இருந்தது. ரஹீமா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"சோறு ஆக்கியிருக்கேன் தம்பி. புதுச் சட்டிதான், மீன் படாதது. ரசமும் கெழங்கும் இருக்கு." குரலைத் தணித்தாள். "காலையிலேருந்து ரெட்டச் சடை பின்னிவிடு பின்னிவிடுன்னு ஒரே அரிப்பு. எண்ணெய் வச்சு இறுக்கிப் பின்னிட்டேன். அம்மா வந்தா பாக்கணுமாம்."

நீலா அறையில், பெரிய கட்டிலின் நடுவில் உட்கார்ந்திருந்தாள். சடைகள் இரண்டும் தோள்களில் முன்னால் கிடந்தன.

சேதுமாதவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். திரையில் வருகிற அப்பாவுக்கு என்ன சொல்வதென்று யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். இவன் முழங்கையிலிருந்து தண்ணீர் விரிப்பில் சொட்டியது.

"ஏன்ப்பா பெட்ல உக்கார்றீங்க?" என்றாள் நீலா. "நீங்க எப்பவும் நின்னுட்டுதான பேசுவீங்க."

கேட்டுக்கொண்டே அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா இன்னிக்கு வரலையா?"

"வரமாட்டா நீலாம்மா. அம்மா செத்துப்போயிட்டா. காலைல. நான் வியாழக்கிழமை வருவான்னு சொன்னது தப்பு."

நீலா அழவில்லை. ஒரு சடையின் நுனியைப் பிடித்து ரிப்பனை அவிழ்த்தாள், மறுபடி கட்டப் பார்த்தாள். அது வரவில்லை.

"அப்ப எப்ப சாப்பிடறது?"

"இப்ப சாப்பிடலாம். ஆன்ட்டி சாதம் வச்சிருக்காங்க."

"இல்லப்பா. அம்மாவோட." ரிப்பன் கையிலேயே இருந்தது. "செவ்வாய்க்கிழமை அம்மா சடை பின்ன வந்தா. டிவில வர்ற பொண்ணுங்க மாதிரி விரிச்சுதான் விடுவேன்னு சொன்னேன். கைய தட்டி விட்டேன். ஐ விஷ் யூ வேர் நாட் மை மதர்னு சொன்னேன். சாப்பிடும்போது குனிஞ்சா சரியாயிடும்னு நெனச்சேன். அம்மா தட்டுகூட வச்சா. அப்பறந்தான் மூச்சு..."

சமையலறையில் ரஹீமா பீவி பாத்திரத்தை மெதுவாகக் கீழே வைப்பது கேட்டது.

சேதுமாதவன் விரிப்பின் ஈரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நேற்றைய மாலை முழுவதும், நீண்ட ஒரு துண்டாக அவன் கண் முன்னால் ஓடியது. கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்ந்த தலை. ஃபிளாஸ்க். கடிகாரம். அவளுக்கு மயக்கமா, வேறு ஏதாவதா என்று இனி யாரிடம் கேட்பது? எங்கே தொடங்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று பார்த்தான். இருபது வருஷமாகப் பார்த்த வேலைதான்.

"நேத்து அம்மாவுக்குக் கஞ்சி குடுத்தேன்" என்றான். "குடிக்கறதுக்கு முன்னாடி அம்மா தலைய குனிஞ்சா."

"நெஜமா?"

"நான் ஸ்பூன நீட்டினேன். இருங்கன்னா. கொஞ்ச நேரம் குனிஞ்சே இருந்தா. அப்பறந்தான் நிமிந்து வாங்கிக்கிட்டா."

மற்றதை அவன் சொல்லவில்லை.

நீலா அவன் முகத்தையே பார்த்தாள். பிறகு கட்டிலிலிருந்து இறங்கிக் கூடத்துக்குப் போனாள்.

ரஹீமா பீவி தரையில் பாய் விரித்துத் தட்டுகளை வைத்திருந்தாள். மீராசா கீழே வண்டியைப் பூட்டிவிட்டு வந்து கதவருகே நின்றார். சோற்றிலிருந்து ஆவி எழுந்தது. நீலா சம்மணம் போட்டு உட்கார்ந்து தலையைக் குனிந்தாள். சேதுமாதவனும் குனிந்தான்.

அவன் நிமிர்ந்தபோது அவள் நிமிரவில்லை. ஆவி அடங்கியது. "ஆறிப்..." என்று தொடங்கிய ரஹீமா பீவியின் கையை மீராசா தொட்டார். ஜன்னல் பெட்டியில் ஏசி நின்று, மறுபடி ஓடியது.

வெகுநேரம் கழித்து நீலா தலையைத் தூக்கினாள். உருளைக்கிழங்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சத்தம் வரவில்லை.

அவன் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு காத்திருந்தான்.