கட்டா மீனில் விழுந்த செதில்

"மதினி, இதுல இருந்த செதிலெல்லாம் எங்க?"

ஸஹ்றாவின் குரல் நடுங்கியதைக் கமறியா கவனிக்கவில்லை. பாராட்டு வரப்போகிறது என்றே நினைத்தாள். இரும்புச் சுரண்டியைக் கழுவி, உப்புமீன் பீப்பாவின் மேலே பாரமாகக் கிடந்த தட்டைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"சுரண்டிட்டேன் புள்ள. பெரிய ஆள் பார்க்க வாற நேரம் செதிலோட மீனை முன்னால வைக்கிறதா? கற்பிட்டியில கருவாட்டு வாடி வச்சிரிக்கிற எனக்கு அது மரியாதையா?"

"அது கல்லு மதினி!"

"கல்லெண்டா என்ன? மீன்தானே?"

ஸஹ்றா மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வண்ணாத்திவில்லுக் காணியில் கிணறு வெட்டும்போது கிடைத்த, மீனொன்று பதிந்து இறுகிப்போன கல் அது. கமறியாவின் கணவன் ஹிஸ்புல்லா, பழங்கால மீன்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் தன் தங்கைக்கென்று அதைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தான். ஸஹ்றா கழுவிவிட்டு, ஈரம் காயட்டும் என்று கருவாட்டுத் தட்டியிலேயே வைத்திருந்தாள். அங்கேதான் வினை. கமறியாவின் தட்டியில் செதிலோடு எந்த மீனும் ஏறியதில்லை. அவளுடைய கை மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்வதுமில்லை.

"செதில் இல்லாட்டி இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? நாங்க திங்கவா போறம்?"

"செதில்தான் மதினி அதுட ஐடென்டிக் கார்ட். லெபிடோட்டஸ் எண்டொரு மீன் இனம் டைனோசர் காலத்துல, பதினஞ்சு கோடி வருசத்துக்கு முந்தி இருந்திச்சு. தடிச்ச, பளபளக்கிற செதில். முந்தின ஆக்கள் அந்த மாதிரிச் செதிலக் கண்டா போதும், சரியா ஆராயாம எல்லாத்தையும் அந்தப் பேருக்குள்ளயே போட்டுட்டாங்க. இப்ப ஒவ்வொண்டா வெளிய எடுத்துச் சரியான பேர் வைக்கிறாங்க."

"எங்கட கலவன் கூடை மாதிரிச் சொல்லு. கட்டாவிலயும் சேராத, பாரையிலயும் சேராத மீனெல்லாம் அதுக்குள்ளதானே போடுறம்."

"அதே கூடைதான். என்ட மீன் அதுக்குள்ளயே கிடக்குமா, வெளிய வருமா எண்டு பார்க்கத்தான் எங்கட பேராசிரியர் யூஜீனியா மிஸ் வாறா. செதிலோரத்தப் பார்த்துத்தான் சொல்ல ஏலும். அவ நாளைக்கு வெளிநாடு போறா. என்ட ஆராய்ச்சியே இதுலதான் நிக்கிது."

அப்போதுதான் கமறியாவுக்கு விசயம் விளங்கியது. மண்டியிட்டு, சுரண்டி விழுந்த செதில்களைத் தேடி மணலைச் சலித்தாள். பக்கத்தில் கோழியொன்று எதையோ கொத்தி விழுங்கிற்று.

"அல்லாவே! கோழி அத்தாட்சியத் திங்கிது!" என்று அதை வாடியைச் சுற்றித் துரத்தினாள். அழுதுகொண்டிருந்த ஸஹ்றாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் வாகனம் வந்து நின்றது. பெரிய பனையோலைத் தொப்பியோடு இறங்கிய யூஜீனியா கல்லைப் புரட்டிப் பார்த்தார். சுரண்டிய இடத்தை விரலால் தடவினார்.

"ஆர் சுரண்டினது?"

"நான்தான் மிஸ். ஸஹ்றாவை ஏசாதீங்க. அவ பாவம்."

"நல்ல வடிவாச் சுரண்டியிருக்கிறீங்க. நானும் சிலாபத்து ஆள்தான், எங்கட அம்மாவும் இதைத்தான் செய்திருப்பா." யூஜீனியா சிரித்தார். "சரி, இதின்ட மற்றப் பாதி எங்க? கருவாட்டுக்குப் பிளந்த மீன் மாதிரித்தான் கல்லும். பிளந்தா இரண்டு பக்கத்திலயும் மீன் இருக்குமே."

"ஹிஸ்புல்லா காக்கா இது ஒண்டுதான் தந்தார் மிஸ். மற்றது கிணத்தடியிலயே கிடக்கும், இல்லாட்டி உடைச்சிருப்பாங்க" என்றாள் ஸஹ்றா.

கமறியா வாயில் கை வைத்தாள்.

மீன் கல்லைக் கொண்டுவந்த அன்றைக்கு லொறியிலிருந்து இன்னொரு கல்லையும் இறக்கியிருந்தான் ஹிஸ்புல்லா. 'பீப்பாவுக்குப் பாரம் கேட்டியே, இந்தா' என்று அவளிடம் கொடுத்தான். ஒரே சேறு. தேங்காய்ப் பொச்சுமட்டையால் தேய்த்துக் கழுவி, வழுக்காமல் இருக்கட்டுமென்று சொரசொரப்பான பக்கத்தைக் கீழே வைத்து, உப்பு போட்ட கட்டாவின் மேலேயே ஏற்றியிருந்தாள். கல்லுக்குப் போய் யார் செதில் பார்ப்பார்கள்?

"புடி புள்ள! மெல்ல, மெல்ல!"

மூன்று பெண்களுமாகக் கல்லைத் தூக்கினார்கள். அடிப்பக்கம் முழுக்க வரிசை வரிசையாகச் செதில்கள், ஓடு வேய்ந்த கூரை போல. அதைவிட வேடிக்கை கீழே கிடந்தது. மேல்வரிசைக் கட்டாவின் மெத்தென்ற உடம்பில் அதே சாய்சதுரச் செதில்கள் அச்சுக் குத்தினாற்போல் பதிந்திருந்தன.

"பாருங்க மிஸ், நேத்துச் செத்த மீனு பதினஞ்சு கோடி வருசத்துச் சட்டையப் போட்டுக்கிட்டுக் கிடக்கு!" என்றாள் கமறியா.

யூஜீனியா உருப்பெருக்கியைக் கல்லில் வைத்தார், கட்டாவிலும் வைத்தார், மறுபடி கல்லுக்கே போனார். கமறியா உதட்டுக்குள் ஓதிக்கொண்டிருந்தாள்.

"இது லெபிடோட்டஸ் இல்ல, ஸஹ்றா."

"அப்ப கூடையை விட்டு வெளிய வந்திட்டுதா?" கமறியாதான் முந்திக்கொண்டாள்.

"வந்திட்டுது. சொந்தக்காரன்தான், ஆனா வேற வீடு. எந்த வீடெண்டு தேடுறது இனி ஸஹ்றாட வேலை. முதல்ல கல்லை நல்ல தண்ணியில ஊறப்போட்டு உப்பை எடுங்க."

ஸஹ்றா மதினியைக் கட்டிக்கொண்டாள். மீன் நாற்றம் இருவருக்கும் உறைக்கவில்லை.

அச்சு விழுந்த கட்டாவைக் கமறியா கடதாசியில் சுற்றி யூஜீனியாவின் கையில் வைத்தாள். வாகனம் திரும்பும்போது பின்னாலேயே ஓடினாள்.

"மிஸ், சமைக்கிறவங்ககிட்டச் சொல்லி வைங்க! செதிலெண்டு நினைச்சு அதையும் சுரண்டிப் போடுவாங்க!"