வெனிஸ் வந்துபோன வியாழக்கிழமை

1926 பங்குனி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, விடிகாலைக் கடல்பெருக்கோடு வெனிஸ் நகரம் ரங்கூன் ஆற்றுக்குள் வந்து அக்கரையிலுள்ள தன்லியின் ஊருக்கு எதிரே நங்கூரமிட்டது. தண்ணீரில் கட்டிய ஊர்தானே, தண்ணீர் இருக்கும் இடத்துக்கு வந்ததில் என்ன அதிசயம் என்றார்கள் துறைமுகத்தார். மூன்றாம் எண் மிதவையருகே இடம் ஒதுக்கி, மாலை நீர்வற்றத்தோடு புறப்பட்டுவிட வேண்டுமென்று உத்தரவும் போட்டார்கள். ரங்கூனின் பசுந்தாங் பேட்டைச் சந்தையில் அன்று இறால் விலைகூட ஏறவில்லை.

பசுந்தாங் கால்வாயோரத்து அரிசி ஆலை ஒன்றில் சபாபதி குமாஸ்தா. அரிசி கப்பலேறும் மாதத்தில் அங்கே சாவுக்கு மட்டும்தான் லீவு, அதிலும் பெற்றவர்கள் சாவுக்கு மட்டும். அப்பாவோ எப்போதோ செத்து, அந்த லீவும் தீர்ந்துபோயிருந்தது. படித்துறையில் கூட்டாளிகள் ஜெபதாஸும் மீரா முகைதீனும் வெனிஸைச் சுற்றிப்பார்க்கப் படகோடு காத்திருந்தார்கள். சபாபதி ஹெட்கிளார்க் அகஸ்டின் முன்னால் போய் நின்றான். "அம்மா போயிட்டாங்க சார்" என்று வாயில் வந்துவிட்டது. அகஸ்டின் எழுந்து நின்றார். "போப்பா, ஆக வேண்டியதைப் பாரு" என்று பதிவேட்டில் எழுதித் துரையிடம் கையெழுத்தும் வாங்கினார். அந்நேரம் அவன் அம்மா ரத்தினம்மாள் வீட்டில் உளுந்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள்.

நகரம் நன்றாகத்தான் இருந்தது. தெருவெல்லாம் தண்ணீர், தண்ணீரில் கறுப்புப் படகுகள், எட்டடிக்கு ஒரு பாலம். மீரா முகைதீன் புறாக்களுக்குக் கடலை போட்டே அரை நாளைக் கழித்தான். மதியம் ஒரு தேவாலயத்தில் ஜெபதாஸ் தன் அப்பா நினைவாக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "ஒனக்கும் யாராச்சும் இருந்தா ஏத்துப்பா" என்று இன்னொன்றை நீட்டினான். சபாபதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்காமல் வெளியே வந்துவிட்டான். ஆனால் சுற்றிப்பார்ப்பதை அவன் நிறுத்தவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அகஸ்டினும் இரண்டு குமாஸ்தாக்களும் துக்கம் விசாரிக்க வந்தார்கள். கதவைத் திறந்து "வாங்க, வாங்க" என்ற ரத்தினம்மாள் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவளைத் தாண்டிப் போய்ப் பாயில் உட்கார்ந்தார்கள். எவ்வளவு நல்ல மனுஷி என்றார், அவளை ஒருநாளும் பார்த்திராத அகஸ்டின். அவள் கொண்டுவந்து வைத்த டீயைக் குடித்துவிட்டு, பாவம், டீகூட இவனே போட வேண்டியிருக்கிறது என்று வருத்தப்பட்டார்கள். பிறகு எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கிப் போனார்கள்.

"போயிட்டு வர்றேன்னு சொல்லிக்காமப் போறாங்களேடா" என்றாள் ரத்தினம்மாள். "எழவு வீட்லதான அப்படிப் போவாங்க. இங்க யாரு செத்தது?"

சபாபதி அவள் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன பேரு போனீங்க?"

"மூணு பேரும்மா."

"படகுல எத்தன பேரு ஏறலாம்?"

"நாலு பேரு."

உலை கொதிக்கிறதா பார்க்கிறேன் என்று அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள்.

அதிலிருந்து அவன் கண்ணைத் தவிர வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகக் கதை பேசிய பக்கத்து வீட்டு நபீஸா, அவள் எதிரிலேயே நின்று அவளை நினைத்து அழுதாள். பொய் சொன்னேன் என்று ஆபீசில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் மறுபடி எல்லார் கண்ணுக்கும் தெரிவாள் என்று அம்மாவும் மகனும் நம்பினார்கள். ஆனால் சொன்னால் வேலை போய்விடும். தினமும் சோறு போடும்போது, "இன்னிக்குச் சொன்னியா?" என்று அவள் கேட்பாள். "நாளைக்குச் சொல்றேம்மா" என்பான். இப்படியே நாலு மாதம் ஓடியது.

ஆடியில் ஒருநாள் எப்படியோ துணிந்து சொல்லிவிட்டான். அகஸ்டின் பதிவேட்டைத் திறந்து துரையின் கையெழுத்தைக் காட்டினார். "பெத்தவ போன துக்கம் இப்படித்தான் பேச வைக்கும் தம்பி" என்று அவன் தோளைத் தட்டினார். ஆபீசே கண் கலங்கியது. வேலை போகவில்லை. இன்னொரு நாள் லீவும் கொடுத்தார்கள்.

அந்த லீவில் அவன் அம்மாவைப் படகோட்டி ஊ பா தின்னின் படகில் ஏற்றி மூன்றாம் எண் மிதவைக்குக் கூட்டிப்போனான். அங்கே சேற்றுத் தண்ணீர்தான் ஓடியது. இங்கேதான் மணிக்கூண்டு, இங்கே புறா, இங்கே பாலம் என்று கை நீட்டிக் காட்டினான்.

"பாலத்துக்கு அந்தாண்ட என்னடா?"

"அங்க போகலம்மா. நேரமாயிடுச்சு."

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனார்கள். ஊ பா தின்னுக்கு அவள் தெரியவில்லை. படகு ஒரு பக்கம் தாழ்வது தெரிந்தது. இரண்டாம் வாரத்திலிருந்து கேட்காமலே இரண்டு பாய் விரித்துவைத்தார். 1929-க்குள் ரத்தினம்மாளுக்கு அந்த ஊர் அவனைவிட நன்றாகத் தெரிந்துவிட்டது. அவன் ஒரு பாலத்தை இடம் மாற்றிச் சொன்னால் திருத்துவாள். மன்னித்தேன் என்று மட்டும் அவள் சொல்லவில்லை. அவனுக்கும் கேட்க வாய் வரவில்லை. பெருக்கு திரும்பும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள்.