கங்கப்பனுக்கு மட்டும் கடல்

ஓசூரை அடுத்த மத்திகிரியில் சரசம்மா வீட்டு மாடியில் நாங்கள் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறோம். மூன்று பேர், மூன்று கம்பெனி, மூன்று ஷிப்ட், ஒரே ஒரு கம்ப்யூட்டர்.

நான் இளம்பரிதி, காவேரிப்பட்டினத்துக்காரன். சிப்காட்டில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். தராவிட்டாலும் கண்டுபிடிப்பேன். ராஜ்குமாருக்கு மெயின்டனன்ஸ் வேலை. அம்மாவோடு தெலுங்கு, மெஷினோடு கன்னடம், எங்களோடு தமிழ் என்று பிரித்து வைத்திருக்கிறான். மூன்றாமவர் கங்கப்பன், நாற்பத்தாறு வயது, சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். தளிப் பக்கம் ஊர். மனைவி நஞ்சம்மா அங்கே தக்காளித் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, இவர் இங்கே விமானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானம் என்றால் ஹைவிங். கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு. அதில் சுடுவது கிடையாது, துரத்துவது கிடையாது. சென்னையிலிருந்து லண்டனுக்குப் பத்தரை மணி நேரம் என்றால் பத்தரை மணி நேரமும் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். மேகம் வரும், போகும். கம்பெனியில் எட்டு மணி நேரம் ஒரு மெஷினையே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து இன்னொரு மெஷினைப் பார்ப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைத்திருந்தோம்.

கம்பெனி முறைதான் இங்கேயும். ரிலீவர் வந்து நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் முன்னவர் நாற்காலியை விட்டு எழ வேண்டும். நான் காலை ஷிப்ட் முடித்து வந்து ஏற்றிவிடுவேன். கங்கப்பன் வந்ததும் அரபிக்கடலுக்கு மேலே ஒப்படைத்துவிட்டுத் தூங்கப் போவேன். ஒரே வீட்டில் இருந்தாலும் நாங்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில்தான். யார் எப்போது ஓட்டுவது என்று ரோஸ்டர் போடும் பொறுப்பு என்னுடையது. அதில்தான் ஒரு சின்ன அயோக்கியத்தனம் செய்திருந்தேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வந்த புதிதில், கங்கப்பன் கொழும்பில் இறக்கப் போனார். ஃபோர்க்லிஃப்டில் பின்சக்கரம்தான் திரும்பும். அந்தக் கைப்பழக்கத்தில் இங்கே எதையோ எதிர்ப்பக்கம் இழுத்துவிட்டார். ஓடுதளத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் கடல். நூற்று எழுபத்து நான்கு பயணிகள். திரையில் எண்ணிக்கை வந்தபோது அவர் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு நான் ரோஸ்டரை எப்படிப் போட்டாலும் ஏறுவது எனக்கு, இறங்குவது ராஜ்குமாருக்கு, நடுவில் உள்ள கடல் முழுவதும் கங்கப்பனுக்கு என்று அமைந்துவிடும். தானாக அமைவதில்லை, நான்தான் அமைத்தேன். மனுஷர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இந்தியப் பெருங்கடலை அவர் அளவுக்குப் பார்த்தவர்கள் கப்பற்படையில்கூட இருக்க மாட்டார்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அறிவிப்பு வந்தது. ஹைவிங்கை நிறுத்துகிறார்கள். நான்கு வருடமாக 'வருகிறது, வருகிறது' என்று சொன்ன புதிய பதிப்பும் கிடையாது. அந்த வாரமே, மாதத்தின் கடைசி ஞாயிறு, நம் நேரப்படி மாலை ஆறு மணிக்கு சர்வரை அணைத்துவிடுவார்கள். மேகமும் மண்ணும் சர்வரிலிருந்துதான் வருகின்றன. அது போனால் எல்லாம் போச்சு.

உலகம் முழுவதும் ரசிகர்கள் கொந்தளித்தார்கள். பிரேசில்காரர் ஒருவர் துக்கம் தாளாமல் ஒரே இடத்தில் ஆறு மணி நேரம் வட்டமடித்துப் படம் போட்டிருந்தார். ஒரு லட்சம் கையெழுத்து வாங்கப் போவதாக யாரோ கிளம்பினார்கள், ஆயிரத்துச் சொச்சத்தில் நின்றது. நானும் கொந்தளித்தேன். கொஞ்சம் சத்தமாகவே கொந்தளித்துவிட்டேன் போலிருக்கிறது, கீழே இருந்து சரசம்மா ஏறி வந்துவிட்டார்.

"என்னாப்பா, யாருக்கு என்னா ஆச்சு?"

"கேம நிறுத்திட்டாங்க ஆன்ட்டி," என்றான் ராஜ்குமார்.

சரசம்மா எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "நான் கூட ஊர்ல யாரோ போயிட்டாங்களோன்னு காபி வெக்கச் சொல்லிட்டு வந்தேன்," என்றார். நல்ல மனம். காபியை மட்டும் அனுப்பி வைத்தார்.

கம்பெனியில் ஒரு பாகம் உடைந்தால் 'ஏன்' என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைப் பிடிக்க வேண்டும். அதற்கு ஒரு படிவம் உண்டு. பேனாவை எடுத்தேன்.

"ஏன் நிறுத்துனான்?"

"ஆடறதுக்கு ஆள் கம்மி," என்றான் ராஜ்குமார்.

"ஏன் கம்மி?"

"போரடிக்குது."

"ஏன் போரடிக்குது?"

"ஒண்ணுமே நடக்காது, அதான்."

"ஏன் நடக்கல?"

"நடந்தா நமக்குப் புடிக்காதே."

ஐந்தாவது ஏன் பாக்கி இருந்தது. ஒன்றுமே நடக்காதது நமக்கு ஏன் பிடிக்கிறது? மூன்று பேரும் காபியைப் பார்த்தோம். அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, படிவத்தை ஆங்கிலத்தில் போட்டு அந்த விளையாட்டுக் கம்பெனிக்கே அனுப்பினேன். 'உங்கள் பேரார்வம் எங்களை நெகிழச் செய்கிறது' என்று ஒரே நிமிடத்தில் பதில் வந்தது. நெகிழ்வதற்கு மனுஷனுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக நேரம் பிடிக்கும்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வேண்டாத பொருளுக்குக் கம்பெனியில் சிவப்பு அட்டை கட்டுவோம். மூன்று நாளுக்குள் யாரும் 'எனக்கு வேண்டும்' என்று அதில் கையெழுத்துப் போடாவிட்டால் பழைய இரும்புக்குப் போய்விடும். பையில் ஒரு அட்டை இருந்தது. 'பயன் இல்லை. காரணம்: துரோகம்' என்று எழுதி, விமானத்தைத் திருப்பும் ஜாய்ஸ்டிக்கில் கட்டினேன். கட்டியதும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கங்கப்பன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து கேட்டார்.

"அப்ப நான் எறக்கவே மாட்டனா, பரிதி?"

பிரேசில்காரர் ஆறு மணி நேரம் வட்டமடித்தபோது வராத துக்கம் எனக்கு அப்போது வந்தது. "ஞாயித்துக்கெழம நீங்கதான் கங்கண்ணா. ஏத்தறதும் நீங்க, எறக்கறதும் நீங்க," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஷிப்டுக்குப் போனார்.

வாக்குக் கொடுத்தவன் அந்த அட்டையை அவிழ்த்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம் வந்து பார்க்கிறேன், மேஜை துப்புரவாக இருக்கிறது.

"ராஜ்குமாரு, ஜாய்ஸ்டிக் எங்கடா?"

"பழைய பேப்பரோட போட்டுட்டேன்."

"எத?"

"டேக் கட்டியிருந்துச்சு. மூணு நாள் ஆச்சு. எவனும் கையெழுத்துப் போடல."

"அது வெளாட்டுக்குடா."

"வெளாட்டுக்குன்னு ஒரு கட்டம் அதுல இல்லியே."

போன வருடம் இதே வீட்டில், மூன்று நாள் கெடு முடிந்துவிட்டது என்று அவனுடைய பழைய மிக்ஸியை எடைக்குப் போட்டவன் நான். அதுவரை அவன் அதில்தான் சட்னி அரைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று பேரும் ராயக்கோட்டை ரோட்டில் இருக்கும் பழைய இரும்புக் கடைக்கு ஓடினோம். ஜாய்ஸ்டிக் இருந்தது, உடம்பு மட்டும். பிடி உடைந்து எங்கேயோ போயிருந்தது. ராஜ்குமார் அதைக் கவிழ்த்துப் பார்த்தான். "போர்டு நல்லாத்தான் இருக்குது. கைல புடிக்க ஏதாவது வேணும்."

கங்கப்பன் குவியலுக்குள் கைவிட்டு ஒரு லீவரை உருவினார். ஃபோர்க்லிஃப்டில் லோடு ஏற்றி இறக்கும் லீவர், நுனியில் கறுப்புக் குமிழ். "இது போட்டா ஆவுமா?" என்றார்.

"ஆவாம எங்க போவும்," என்றான் ராஜ்குமார். ஞாயிறு காலை முழுக்கக் கன்னடத்தில் திட்டியபடி அதைப் பொருத்தினான்.

மாலை நான்கரைக்கு மூவரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மூன்று பேரும் ஒரே நேரத்தில் அந்தத் திரை முன்னால் உட்காரும் நாள் எங்கள் வீட்டில் தீபாவளிக்குத்தான் வரும். கோயம்புத்தூரில் ஏறி பெங்களூரில் இறக்குவதென்று முடிவு. தண்ணீர் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்து, நஞ்சம்மாவை வீடியோவில் வரவழைத்தார் கங்கப்பன்.

நான் என் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன். "கங்கண்ணா, ஏத்தறதுக்கு முந்தி ஒண்ணு சொல்லிடறேன். அந்த ரோஸ்டரு..."

"தெரியும்பா."

"என்னா தெரியும்?"

"மூணு வருசமா எனக்கு மட்டும் கடலாவே வந்துச்சு. நான் என்னா மீனு புடிக்கறவனா?"

"அப்பவே கேட்டிருக்கலாமில்ல?"

"நூத்தி எழுவத்தினாலு பேர முழுவ வெச்சவன், எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது?"

போனிலிருந்து நஞ்சம்மா, "என்னா மாமா, யார முழுவ வெச்ச?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நீ பாரு."

ஏற்றினார். திருப்பத்துக்குத் திருப்பம் வாயால் 'பாம், பாம்' என்று ஹாரன் அடித்தார். கம்பெனியில் முக்கு திரும்பும்போது ஹாரன் கட்டாயம். பத்தாயிரம் அடிக்கு மேலே முக்கு ஏது என்று கேட்க வாயெடுத்தேன். ராஜ்குமார் என் தொடையைக் கிள்ளினான்.

ஓசூர் நெருங்கியதும் கீழே பச்சையாக ஒரு திட்டு வந்தது.

"சானமாவு காடு," என்றார் கங்கப்பன்.

"ஆன எதனா ரோட்டத் தாண்டுதா?" என்று கேட்டார் நஞ்சம்மா.

"அவ்ளோ எல்லாம் தெரியாது."

"நம்ம தோட்டம்?"

"அது அந்தப் பக்கம், றெக்கைக்குக் கீழ."

"வாரத்துல ஒரு நா வந்து பாக்காத ஆளு, மேல இருந்து பாத்து என்னா பண்ணப் போற. சரி, ஒழுங்கா எறக்கு."

பெங்களூர் ஓடுதளம் கோடாகத் தெரிந்தது. வேகம் கொஞ்சம் கூடுதல். என் நாக்கு நுனியில் ஏழு குறைகள் வரிசையில் நின்றன. அத்தனையையும் விழுங்கினேன். வாழ்க்கையில் முதல்முறை. முந்நூறு அடியில் மூக்கு இடப்பக்கம் நழுவியது, கங்கப்பனின் கையும் இடப்பக்கமே போகப் பார்த்தது. கொழும்பில் நடந்ததும் இதேதான்.

அவர் கை பாதியில் நின்றது. குமிழை விட்டுவிட்டு மறுபடி பிடித்தார், இந்தத் தடவை விரல் நுனியால். "கண்ணாடி லோடு," என்றார் தனக்குத்தானே. "கண்ணாடி லோடு இது."

மூக்கு நேரானது. லீவர் அரை விரற்கடை பின்னால் வந்தது, அப்புறம் கால் விரற்கடை. சக்கரம் எப்போது தரையைத் தொட்டது என்று எங்களுக்குத் தெரியவில்லை. சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது.

இறங்கிய வேகத்தை இந்த விளையாட்டு எண்ணில் காட்டும். எண் குறைந்தால் மெத்தென்று இறங்கியதாக அர்த்தம். என் சாதனை நூற்று எண்பது. அதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கேட்காதீர்கள். திரையில் வந்தது அறுபத்திரண்டு.

"நல்லாருக்கா, பரிதி?" என்று கேட்டார் கங்கப்பன், திரும்பாமலே.

"ஓகே," என்றேன். சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராஜ்குமார் பார்த்துவிட்டு, "தூசி," என்று எனக்காகவே சொன்னான்.

மணி ஐந்து நாற்பத்தெட்டு. நாங்கள் கைதட்டப் போனோம். அவர் எழவில்லை.

"முடிஞ்சிதுண்ணா," என்றான் ராஜ்குமார்.

"எங்க முடிஞ்சிது? ஆளுங்க உள்ளதான இருக்காங்க. வாசல் வரிக்கும் கொண்டுபோயி வுட வேணாமா?"

நாங்கள் இதுவரை சக்கரம் தரையைத் தொட்டதோடு எழுந்து போய்விடுவோம். பயணிகள் அப்புறம் எப்படி வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்று நானோ அவனோ ஒரு நாளும் நினைத்ததில்லை. கட்டிடம் இரண்டு கிலோமீட்டர். கங்கப்பன் மெதுவாக உருட்டினார். ரொம்ப மெதுவாக.

"அண்ணா, கொஞ்சம் அழுத்துங்க. ஆறு மணிக்கு அணைச்சிருவாங்க," என்றான் ராஜ்குமார்.

"லோடோட உள்ள எட்டுக்கு மேல போவக் கூடாது."

"அது நம்ம ஷெட்டுலண்ணா. இது ஏர்போர்ட்டு."

"எட்டுன்னா எட்டு."

மணிக்கு எட்டு கிலோமீட்டர். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு போகும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன், சொல்லவில்லை. சாயங்கால வெயில் ஓடுதளத்தில் மஞ்சளாக விழுந்திருந்தது. ஒவ்வொரு முக்கிலும் 'பாம், பாம்'. கட்டிடத்தின் கண்ணாடி தெரிந்தது. கதவு எண்கூடத் தெரிந்தது.

திரை கறுத்தது. 'இதுவரை பறந்ததற்கு நன்றி' என்று ஒரு வரி மட்டும் நின்றது.

கங்கப்பன் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை.

"என்னா மாமா, போன்ல ஒண்ணும் தெரியல. எறக்கிட்டியா?" என்றார் நஞ்சம்மா.

"எறக்கிட்டேன்."

"ஆளுங்க எறங்கிட்டாங்களா?"

"அதுக்குள்ள நிறுத்திப்புட்டாங்க."

"ஐயோ பாவம். அப்ப அத்தன பேரும் உள்ளயே ஒக்காந்துனு இருக்காங்களா?"

கங்கப்பன் குமிழிலிருந்து கையை எடுத்தார். பிறகு பாட்டிலில் சாய்ந்திருந்த போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

"ஒக்காந்திருக்கட்டும்," என்றார். "தரைலதான இருக்காங்க."