மேலே ஏறிய கோடு

“அண்ணி, உங்க மிஷின் மண்டையப் போட்டுடுச்சு!” என்று கத்திக்கொண்டே அவளுடைய கொழுந்தன் ஆய்வகத்துக்குள் நுழைந்தான்.

அவன் மூன்று மாதம் மல்லுக்கட்டித் தயாரித்த, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்த பாலிமரின் கரைசல், அவள் பொறுப்பிலிருந்த, அதிவேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு நாற்பதாயிரம் சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தது. பாலிமர் அடியில் போய்ப் படியும் என்று அவன் நம்பியிருந்தான். திரையிலோ அது நகர்வதைக் காட்டும் கோடு மேல்பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

பதினாறு வருடமாக அந்த இயந்திரத்தின் மேல் அடுத்தவர் கை படவிடாதவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“எதுல கரைச்சீங்க தம்பி?”

“குளோரோஃபார்ம்ல.”

அவள் சோதனைக்குழாயில் கொஞ்சம் குளோரோஃபார்ம் ஊற்றி, அவனுடைய பாலிமரில் ஒரு துணுக்கைப் போட்டாள். அது தக்கை மாதிரி மிதந்தது.

“உங்க சரக்கு குளோரோஃபார்மைவிட லேசு. சுத்தச் சுத்த மேலதான் வரும்.”

அவன் அசடு வழிந்தான்.

“அத விடுங்க, கோட்டப் பாருங்க,” என்றாள். “சின்னதும் பெருசுமா சங்கிலி கலந்திருந்தா பரவிப் போயிருக்கும். இது கத்தி மாதிரி நிக்குது. எல்லாம் ஒரே அளவு!”

மூன்று மாதமாக அவன் கேட்க ஏங்கிய சொல் அது. சந்தோஷம் தாங்காமல் இயந்திரத்தைத் தட்டிக்கொடுக்கப் போனான்.

“கைய எடுங்க,” என்றாள் அண்ணி.