கடற்பஞ்சு அழுகிய நாள்

பீளமேட்டு மில் ஒன்றை இழுத்துப் பூட்டி ஏழு மாதமாகியிருந்தது. அங்கே ஃபிட்டராக இருந்த ஜெரோமுக்குக் காலையில் எழுந்திருக்க ஒரு காரணமாக மிஞ்சியது முன்னறையில் இருந்த கடல்நீர்த் தொட்டிதான். தூத்துக்குடியிலிருந்து லாரியில் கேன் கேனாகத் தண்ணீர் வரவழைத்து வளர்த்தது. கோமாளி மீன் இரண்டு, சிப்பி நாலு, மஞ்சளாய் ஒரு கடற்பஞ்சு. சிப்பியும் பஞ்சும் தண்ணீரை உறிஞ்சி, அதிலுள்ள துணுக்குகளைத் தின்றுவிட்டுத் தெளிவாக வெளியே விடும். மீன் கழிவின் நஞ்சைக் கல்லிடுக்கில் குடியிருக்கும் பாக்டீரியா முறித்துவிடும். எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். காற்றுக்குக் கரண்ட் வேண்டும்.

1997 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.

காற்றுக் கலக்கட்டும் என்று ஜெரோம் சொம்பால் தொட்டித் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார். அவர் கை ஓய்ந்தபோது மனைவி அன்புச்செல்வி ஊற்றினாள். மத்தியானத்துக்குள் தண்ணீர் வெதுவெதுத்தது. பஞ்சின் ஓரம் வெளுத்துக் கூழாகப் பிரிந்தது.

“ஏனுங்க, அது செத்துப்போச்சுங்க. வெளிய எடுத்துப்போடுங்க. தண்ணியே நாறுது.”

“நடுவுல உசுரு இருக்குது அம்மணி. கரண்ட் வந்தாத் தேறிக்கும்.”

“மீனப் பாருங்க மொதல்ல!”

மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஜெரோம் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தார். மூன்று மணிக்கு ஒரு மீன் சாய்ந்தது. அப்போதுதான் கையை உள்ளே விட்டார். பஞ்சு விரலிடுக்கில் வழிந்து தொட்டி முழுக்கப் பாலாய்க் கலங்கியது. சற்று நேரத்தில் மற்ற மீனும் போயிற்று.

“நாந்தான் கொன்னுபோட்டேன். நீ சொன்னப்பவே பஞ்ச எடுத்திருக்கோணும்.”

அன்புச்செல்வி சிப்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பிளந்தபடியே கிடந்தன. இரண்டு மெல்ல மூடிக்கொண்டன.

“ரெண்டுக்கு உசுரு இருக்குதுங்க. உக்கடத்துல ரசாக் அண்ணனும் கடல் தொட்டிதான வெச்சிருக்காரு? கெளம்புங்க.”

ஈரத்துணியில் சுற்றிய சிப்பிகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அன்புச்செல்வியோடு பஸ் நெரிசலில் நின்றார் ஜெரோம்.

ரசாக் அவற்றைத் தன் தொட்டியில் இறக்கினார். மூவரும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சிப்பி திறந்தது. மற்றது திறக்கவேயில்லை.

“என் தொட்டி மணல் கொஞ்சம் தாரேன், ஜெரோம். இதுல பாக்டீரியா இருக்குது. புதுசா ஆரம்பிச்சுக்கலாம்.”

“வேண்டாங்க பாய். என்னை நம்பி உசுரு எதையும் குடுக்காதீங்க.”

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கிப் போனார்.

அன்புச்செல்வி மணலுக்குப் பையை நீட்டினாள். “எத்தனை நாள் தாங்கும்ங்க அண்ணா?”

“ஈரம் காயாம பாத்துக்கிட்டா ரெண்டு நாள் தாங்கும்மா.”

கீழே, சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு ஜெரோம் அழுதுகொண்டிருந்தார்.